முதியோர் உதவித்தொகை: தில்லியில் கேட்டதும் கிடைத்ததும்

முதுமையில் மாதாமாதம் கைக்கு ஒரு தொகை வரவேண்டும் என்ற கோரிக்கைக்கு இந்தியாவில் நீண்ட வரலாறு உண்டு. அதில் பெரும்பகுதி தில்லியில் நடந்தது. சட்டம் இயற்றும் நாடாளுமன்றம், தீர்ப்புச் சொல்லும் உச்ச நீதிமன்றம், பணம் ஒதுக்கும் நிதி அமைச்சகம் மூன்றும் அங்கே சில கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கின்றன. ஓய்வு பெற்ற அரசு அதிகாரி, முன்னாள் படைவீரர், மூட்டை தூக்கி முதுகு வளைந்த கூலியாள் என்று பலரும் தங்கள் மனுவோடு அந்த நகரத்துக்கு வந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. ஒருவருடைய தொகை சம்பளத்தோடோ விலைவாசியோடோ பிணைக்கப்பட்டதா, வெறும் எண்ணாக நிர்ணயிக்கப்பட்டு அப்படியே விடப்பட்டதா என்பதுதான் அவருடைய முதுமையைத் தீர்மானித்தது.

ஓய்வூதியத்துக்காக மனுப் போட்டு அலைவது தில்லிக்குப் பழக்கமான செயல். உருதுக் கவிஞர் மிர்சா காலிப் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அப்படித்தான் கழித்தார். 1806இல் அவருடைய சிற்றப்பா நஸ்ருல்லா பேக் கான் இறந்தபின், குடும்பத்துக்கு ஏற்பட்ட ஓய்வூதியத்தில் காலிபின் பங்காக வந்தது மாதம் 62 ரூபாய் 8 அணா. குடும்பத்துக்கு உரிய முழுத் தொகை வரவில்லை என்பது அவர் வாதம். தில்லியில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் முறையிட்டும் பயனில்லாமல், நெடும் பயணம் செய்து 1828இல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார். தலைமை ஆளுநரின் அலுவலகத்தில் மனுக் கொடுத்து ஒன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்து வெறுங்கையோடு திரும்பினார். 1857 கலகத்துக்குப் பிறகு வந்துகொண்டிருந்த தொகையும் நின்றது. 1860இல் மறுபடி கொடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 60ஐக் கடந்திருந்தது. முதியவர் என்பதற்காகத் தரப்பட்ட பணமல்ல அது; குடும்பத்துக்கு அரசு செய்த ஏற்பாடு. ஆனாலும், கொடுப்பவர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் நிற்கும் என்ற அதன் தன்மை அடுத்த நூறாண்டுக்கும் மாறவில்லை.

அந்தத் தன்மைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம். அரசு வழங்கும் ஓய்வூதியம் தொடர்பாக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதற்கு அது தடை விதித்தது. ஓய்வூதியம் அரசின் தயவு, அதைப் பற்றிக் கேள்வி கேட்க நீதிமன்றத்துக்கு இடமில்லை என்பது அதன் சாரம். அதே காலத்தை ஒட்டி ஐரோப்பாவில் நிலைமை வேறு பக்கம் திரும்பியது. 1889இல் ஜெர்மனி பிஸ்மார்க்கின் ஆட்சியில் முதுமைக் காப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1898இல் நியூசிலாந்து, தன் வரிப்பணத்திலிருந்தே ஏழை முதியோருக்கு ஓய்வூதியம் தந்தது. 1909 ஜனவரி முதல் பிரிட்டனில் 70 வயது நிறைந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கிடைத்தது. இந்தியாவில் அரசு ஊழியருக்கும் படைவீரருக்கும் மட்டுமே ஓய்வூதியம் இருந்தது. மற்றவர்களைக் கூட்டுக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லப்பட்டது. இந்தக் காரணம் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் கோப்புகளில் வலம் வந்தது. பகிர்ந்துகொள்ள ஏதாவது இருக்கும் குடும்பத்தில்தான் முதியவருக்குப் பங்கு கிடைக்கும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, வேலையின்மை, முதுமை, நோய், உடல் ஊனம் ஆகிய நிலைகளில் குடிமக்கள் அரசின் உதவியைப் பெறும் உரிமைக்கு வகைசெய்ய வேண்டும் என்கிறது. கூடவே, அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் இருக்கிறது. வழிகாட்டும் நெறிகளில் ஒன்றாக இருப்பதால் அந்தப் பிரிவை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் பணம் கேட்க முடியாது. மத்திய அரசு ஒதுங்கியிருந்த இடைவெளியில் முதலில் நகர்ந்தவை மாநிலங்கள். 1957இல் உத்தரப் பிரதேசம் ஆதரவற்ற முதியோருக்கு ஓய்வூதியம் கொடுக்கத் தொடங்கியது. 1962இல் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது சென்னை மாநிலம் மாதம் 20 ரூபாய் கொடுத்தது. தில்லிக்கு அண்டை மாநிலமான ஹரியானாவில் 1987இல் தேவிலால் ஆட்சிக்கு வந்ததும் 65 வயது கடந்தவர்களுக்கு மாதம் 100 ரூபாய் அறிவித்தார். முதியோர் ஓய்வூதியம் தேர்தலில் வாக்குப் பெற்றுத் தரும் என்பதை வட இந்திய அரசியல்வாதிகளுக்குக் காட்டிய நிகழ்வு அது.

தில்லியில் முதியோருக்காகப் பேசும் அமைப்புகள் 1970களின் இறுதியில் தோன்றின. பிரிட்டனின் ஹெல்ப் தி ஏஜ்டு அமைப்பை நிறுவியவர்களுள் ஒருவரான செசில் ஜாக்சன் கோலின் ஊக்கத்தில், சாம்சன் டேனியல் 1978இல் ஹெல்பேஜ் இந்தியாவைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளை நடைப்பயணம் போகச் செய்து, அதற்கு நன்கொடை திரட்டி முதியோர் இல்லங்களுக்குக் கொடுப்பது அதன் தொடக்ககால வேலை. கொள்கை, சட்டம், ஒதுக்கீடு என்று அரசிடம் வாதாடுவது பின்னர் சேர்ந்தது. 1980இல் எச்.டி. ஷோரி தொடங்கிய காமன் காஸ் அமைப்பு நேராக நீதிமன்றத்துக்குப் போனது. ஓய்வூதியர் வரலாற்றில் எல்லாவற்றையும்விடப் பெரிய திருப்பம் அந்த வழியில்தான் வந்தது.

1979 மே மாதம் மத்திய அரசு தன் ஊழியர்களின் ஓய்வூதியக் கணக்கைத் தாராளமாக்கியது. கடைசி 36 மாதச் சம்பளத்தின் சராசரிக்குப் பதிலாகக் கடைசி 10 மாதச் சம்பளத்தின் சராசரியை எடுத்துக்கொள்ள முடிவானது. வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் சம்பளம் கூடுதலாக இருக்கும் என்பதால் இது கணிசமான உயர்வு. ஆனால் 1979 மார்ச் 31 அல்லது அதற்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்றார்கள். மார்ச் 30இல் ஓய்வு பெற்றவருக்குப் பழைய கணக்கு, மறுநாள் ஓய்வு பெற்றவருக்குப் புதியது. ஒரே பதவியில், ஒரே அளவு காலம் உழைத்த இருவருக்கு ஒருநாள் வித்தியாசத்தில் வாழ்நாள் முழுக்க வேறு வேறு தொகை.

பாதுகாப்பு அமைச்சகத்தில் நிதி ஆலோசகராக இருந்து 1972இல் ஓய்வு பெற்ற டி.எஸ். நகாரா இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஓய்வு பெற்ற படை அதிகாரி ஒருவரும் காமன் காஸ் அமைப்பும் உடன் மனுதாரர்கள். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு விசாரித்தது. 1982 டிசம்பர் 17 அன்று வந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஏ. தேசாய். ஓய்வூதியம் முதலாளி மனமிரங்கிப் போடும் தானமல்ல, முன்பு செய்த வேலைக்கான உரிமை, முதுமையில் மானத்தோடு வாழ்வதற்கான சமூக நீதி என்று தீர்ப்பு விளக்கியது. ஓய்வூதியர்களை ஒரு தேதியை வைத்துப் பிரிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி அந்த வரம்பை நீக்கியது. 1871இன் தயவுக் கோட்பாட்டுக்கு ஓய்வூதியர்கள் நூற்றுப்பதினோரு ஆண்டுகள் கழித்துப் பெற்ற முழுமையான மறுப்பு அது. நாடெங்கும் ஓய்வூதியர் சங்கங்கள் இன்றும் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகின்றன.

அதன்பின் மத்திய அரசு ஓய்வூதியரின் நிலை ஊதியக் குழுவோடு சேர்ந்து உயர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், விலைவாசிக் குறியீட்டைப் பார்த்து அகவிலை நிவாரணம் கூடுகிறது. குறைந்தபட்ச ஓய்வூதியம் ஐந்தாவது ஊதியக் குழுவில் மாதம் 1,275 ரூபாயாக இருந்து, ஆறாவதில் 3,500 ஆகி, ஏழாவதில் 9,000 ஆனது. இது யாருடைய கருணையாலும் நடப்பதில்லை. சூத்திரம் ஒன்று இருக்கிறது, அது தன் வேலையைச் செய்கிறது. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அரசு வேலை பார்க்காத முதியோரின் வரலாற்றுக்குப் போகவேண்டும்.

1995 ஆகஸ்ட் 15 அன்று, பி.வி. நரசிம்ம ராவ் பிரதமராக இருந்தபோது, தேசிய சமூக உதவித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் ஓர் அங்கம் தேசிய முதியோர் ஓய்வூதியம். 65 வயது நிறைந்த, வேறு ஆதரவில்லாதவருக்கு மத்திய அரசின் பங்காக மாதம் 75 ரூபாய். மாநிலங்கள் தம் பணத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். தொகை சிறிதானாலும் அன்று நடந்தது முக்கியமானது. அமைப்புசாராத் தொழிலாளியின் முதுமைக்குத் தனக்கும் பொறுப்பு உண்டு என்று மத்திய அரசு முதன்முறையாக ஒப்புக்கொண்டது. 2006இல் தொகை 200 ரூபாயானது. 2007 நவம்பரில் திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் வைக்கப்பட்டது. ஆதரவற்றவர் என்ற நிபந்தனை போய், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்தைச் சேர்ந்தவர் என்ற நிபந்தனை வந்தது. 2011இல் தகுதி வயது 60ஆகக் குறைந்தது, 80 வயதைக் கடந்தவர்களுக்கு 500 ரூபாய் என்றானது. 60 முதல் 79 வயது வரையுள்ளவர்களுக்கு அந்த 200 ரூபாய் அப்படியே நின்றது. விலைவாசிக் குறியீட்டோடு அதைப் பிணைக்கும் ஏற்பாடு எதுவும் திட்டத்தில் இல்லை. நாளுக்கு ஏழு ரூபாய்கூட ஆகாத தொகை அது.

தொகை உயராவிட்டாலும் அதைப் பெறும் உரிமை நீதிமன்றத்தின் வழியே வலுப்பெற்றது. 2001இல் ராஜஸ்தானில் வறட்சியால் மக்கள் பட்டினி கிடந்தபோது அரசுக் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் உணவு உரிமை வழக்கைத் தொடுத்தது. அவ்வாண்டு நவம்பர் 28ஆம் தேதி பிறப்பித்த இடைக்கால ஆணையில் நீதிமன்றம் எட்டு மத்தியத் திட்டங்களின் பயன்களைச் சட்டப்படியான உரிமைகளாக அறிவித்தது. முதியோர் ஓய்வூதியம் அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதிக்குள் பணம் போய்ச் சேரவேண்டும் என்றும் ஆணையில் இருந்தது. 7ஆம் தேதி என்ற இந்த வரி சிறியதாகத் தெரியலாம். நான்கைந்து மாதப் பணம் மொத்தமாக வருவதும், வராமலே போவதும் வழக்கமாக இருந்த ஊர்களில், கிராமத்து மூதாட்டி ஒருத்தி அதிகாரியிடம் எடுத்துச் சொல்லக்கூடிய ஒரு தேதியை அது கொடுத்தது.

1999 ஜனவரியில் தேசிய முதியோர் கொள்கை வெளியானது. ஐ.நா. அந்த ஆண்டை உலக முதியோர் ஆண்டாக அறிவித்திருந்தது. நிதிப் பாதுகாப்பு, மருத்துவம், உறைவிடம் எல்லாம் அந்தக் கொள்கையில் பேசப்பட்டன. பணத்துக்கான கட்டாயம் எதிலும் இல்லை. 2007 டிசம்பரில் நிறைவேறிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் பொறுப்பைப் பிள்ளைகள் மீது ஏற்றியது. கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறலாம். சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு பெற்றோரை வெளியே தள்ளிய பிள்ளைகளுக்கு எதிராக அது உண்மையிலேயே பலருக்கு உதவியிருக்கிறது. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லம் என்ற இடத்தில் மாநில அரசு அமைக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. பிள்ளைக்குக் கட்டாயம், அரசுக்கு விருப்பம். பிள்ளையே அன்றாடங்காய்ச்சியாக இருக்கும் வீட்டில் தீர்ப்பாயம் என்ன உத்தரவு போட்டாலும் அடுப்பு எரியாது.

இந்த இடைவெளியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது பென்ஷன் பரிஷத் என்ற இயக்கம். தில்லியில் போராட்டம் நடத்த முன்பெல்லாம் இந்தியா கேட்டுக்கு அருகில் உள்ள படகுத் துறைப் புல்வெளிதான் இடம். 1988இல் மகேந்திர சிங் திகாயத் தலைமையில் விவசாயிகள் அங்கே நாள்கணக்காகத் தங்கியதற்குப் பின், 1990களில் அங்கே கூடுவதற்குத் தடை வந்தது. போராட்டக்காரர்கள் ஜந்தர் மந்தர் சாலைக்கு இடம் மாறினார்கள். 2012 மே 7 முதல் 11 வரை, தில்லியின் கோடை உச்சத்தில், பல மாநிலங்களிலிருந்து வந்த முதியவர்கள் அந்தச் சாலையில் ஐந்து நாள் உட்கார்ந்தார்கள். தகவல் அறியும் உரிமைக்காகப் பாடுபட்ட அருணா ராயும், புனேயின் சுமைதூக்கும் தொழிலாளர்களை ஹமால் பஞ்சாயத்தாகத் திரட்டிய பாபா ஆடாவும் முன்னின்றார்கள். ஆடாவுக்கே அப்போது வயது 81. வந்தவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் கூலி வேலை செய்தவர்கள். சந்தையில் மூட்டை சுமந்தவர்கள், கட்டடத்தில் செங்கல் தூக்கியவர்கள், பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்கள். ஓய்வு என்று ஒரு தேதி அவர்கள் வாழ்க்கையில் வந்ததே இல்லை. உடம்பு மறுக்கும் நாளில் வருமானம் நிற்கும், அவ்வளவுதான்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. வறுமைக்கோட்டுப் பட்டியல் வேண்டாம். வருமான வரி கட்டுவோரையும் வேறு ஓய்வூதியம் பெறுவோரையும் தவிர மற்ற எல்லா முதியோருக்கும் தரவேண்டும். தொகை மாதம் 2,000 ரூபாய் அல்லது குறைந்தபட்சக் கூலியில் பாதி, இரண்டில் எது அதிகமோ அது. விலைவாசி உயரும்போது தொகையும் உயரவேண்டும். நகாரா வழக்கில் மனுதாரர்கள் கேட்டதோடு இதை ஒப்பிட்டால் ஒற்றுமை தெரியும். உழைப்புக்கான உரிமையாக ஓய்வூதியத்தைப் பார்க்கவேண்டும் என்பதே இரண்டிலும் அடிப்படை. அரசு ஊழியரின் உழைப்புக்குச் சம்பளப் பட்டியல் சாட்சி. கூலியாளின் உழைப்புக்கு அவர் தேய்ந்த முதுகைத் தவிரச் சாட்சி இல்லை. குறைந்தபட்சக் கூலியை அளவுகோலாக வைத்தது அந்தக் குறையைச் சரிசெய்யும் கூர்மையான யோசனை.

அப்போது ஊரக வளர்ச்சி அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் போராட்டக்காரர்களோடு பேசினார். திட்டக் குழு உறுப்பினர் மிஹிர் ஷா தலைமையில் ஒரு செயற்குழு சமூக உதவித் திட்டங்களை ஆராய்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கைம்பெண்களுக்கும் ஊனமுற்றோருக்கும் மத்திய அரசின் தொகை 200இலிருந்து 300 ஆனது. முதியோரின் 200 மாறவில்லை.

அதே ஜந்தர் மந்தரில் வேறு இரண்டு கூட்டங்கள் வேறு முடிவுகளைக் கண்டன. ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் கேட்டு முன்னாள் படைவீரர்கள் 2015 ஜூனில் அங்கே தொடர் போராட்டம் தொடங்கினார்கள். பதக்கம் அணிந்த முதியவர்களை ஆகஸ்ட் 14ஆம் தேதி காவல்துறை அங்கிருந்து அகற்ற முயன்ற காட்சி நாட்டையே உலுக்கியது. செப்டம்பர் 5ஆம் தேதி அரசு கோரிக்கையை ஏற்பதாக அறிவித்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகையை மறுபடி கணக்கிடும் ஏற்பாடும் வந்தது. தனியார் நிறுவனத் தொழிலாளர்களுக்கு 1995 நவம்பரில் தொடங்கிய ஊழியர் ஓய்வூதியத் திட்டம் இன்னொன்று. அதன் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாயானது, அத்தோடு நின்றுவிட்டது. மாதம் 7,500 ரூபாயும் அகவிலைப்படியும் கேட்டு அந்த ஓய்வூதியர்கள் ராம்லீலா மைதானத்துக்கும் ஜந்தர் மந்தருக்கும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆலையில் முப்பது ஆண்டு உழைத்தவரின் நிலை இது. சூத்திரம் இல்லாத இடத்தில் எவ்வளவு உழைத்திருந்தாலும் எண் உறைந்துதான் போகிறது.

2017 டிசம்பரில் ழான் திரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்ட 60 பொருளியலாளர்கள் நிதியமைச்சர் அருண் ஜேட்லிக்குக் கடிதம் எழுதினார்கள். மத்திய அரசின் பங்கை 500 ரூபாயாகவாவது உயர்த்தவேண்டும், அப்போதிருந்த 2.4 கோடிப் பயனாளிகளுக்கு அதனால் ஆகும் கூடுதல் செலவு ஆண்டுக்கு 8,640 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மறு ஆண்டும் அதே வேண்டுகோளை அனுப்பினார்கள். 2018 செப்டம்பர் 30 அன்று பென்ஷன் பரிஷத் நாடாளுமன்றச் சாலையில் கூடியது. முந்தைய ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஜந்தர் மந்தரில் போராட்டங்களுக்குத் தடை விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 ஜூலையில்தான் அதை விலக்கியது. இம்முறை கேட்ட தொகை 3,000 ரூபாய். அவ்வாண்டு டிசம்பர் 13ஆம் தேதி, முன்னாள் சட்ட அமைச்சர் அஸ்வனி குமார் தொடுத்த பொதுநல வழக்கில் நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு, முதியோர் இல்லங்களின் விவரத்தை மாவட்ட வாரியாகத் திரட்டவும், ஓய்வூதியத் திட்டங்களை மறுபரிசீலனை செய்யவும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆனால் தொகை இவ்வளவு என்று நீதிமன்றம் நிர்ணயிக்கவில்லை. அதை நிர்ணயிக்கும் இடம் பட்ஜெட்தான்.

இந்தியாவைவிட ஏழை நாடான நேபாளம் இதை வேறு வழியில் அணுகியது. இந்தியா 75 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கிய அதே 1995இல் அங்கே 75 வயது நிறைந்த எல்லாருக்கும், ஏழை பணக்காரர் என்று பார்க்காமல், மாதம் 100 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். வயதை மட்டும் நிரூபித்தால் போதும். வறுமையை நிரூபிக்க வேண்டியதில்லை.

தில்லி மாநில அரசு தன் எல்லைக்குள் வசிப்போருக்கு வேறு கணக்கு வைத்திருக்கிறது. 2017இல் அங்கே 60 முதல் 69 வயது வரை மாதம் 2,000 ரூபாய், 70 வயதிலிருந்து 2,500 ரூபாய் என்றானது. மத்திய அரசின் 200 ரூபாயோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை. ஆனால் எத்தனை பேருக்கு என்பதற்கு வரம்பு உண்டு. வரம்பு நிரம்பியதும் புதிய விண்ணப்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாங்கப்படவில்லை. 2024 நவம்பரில் புதிதாக 80,000 பேரைச் சேர்க்க வழி திறந்தபோது பயனாளிகள் மொத்தம் 5.3 லட்சம் பேராவார்கள் என்று அரசு தெரிவித்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தில்லியில் 60 வயதைக் கடந்தவர்கள் 11 லட்சத்துக்கும் அதிகம். தில்லியில் ஐந்தாண்டுகள் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும் என்ற விதி இன்னொரு தடை. பீகாரிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து தில்லிக் குடிசைப் பகுதியில் முப்பது ஆண்டு கழித்தவரிடம், குடிசை இடிபடும்போதெல்லாம் முகவரியும் மாறியிருந்தால், காட்டக் காகிதம் இருக்காது. ஊரில் பெயர் நீக்கப்பட்டிருக்கும், நகரத்தில் சேர்க்கப்பட்டிருக்காது.

காகிதத்தால் விளையும் துன்பத்துக்கு 2022இல் தில்லிக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 102 வயது முதியவர் ஒருவருக்கு ஓய்வூதியம் திடீரென்று நின்றது. கேட்டபோது பதிவேட்டில் அவர் இறந்துவிட்டதாக இருந்தது. அவர் மாப்பிள்ளை போல ரூபாய் நோட்டு மாலை அணிந்து, ரதத்தில் ஏறி, வாத்தியக்காரர்கள் முன்னே செல்ல அதிகாரிகளைச் சந்திக்க ஊர்வலமாகப் போனார். தாம் உயிரோடிருப்பதை அறிவிக்கும் அட்டையும் கையில் இருந்தது. செய்தி பரவியபின் அவருக்குப் பணம் மறுபடி வந்தது. ரதமும் வாத்தியமும் ஏற்பாடு செய்ய ஆளில்லாத முதியவர்கள் எத்தனையோ பேர். ராஜஸ்தானிலும் உயிரோடிருப்பவர்களை இறந்தவர்களாகப் பதிந்து பெயர் நீக்கிய நிகழ்வுகள் சமூக அமைப்புகளின் சரிபார்ப்பில் வெளிவந்திருக்கின்றன. ஆதார் இணைப்பு, கைரேகை, ஆண்டுதோறும் வாழ்நாள் சான்று என ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்துபோகிறார்கள். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை பதியாது.

தொகையை விலைவாசியோடு பிணைப்பது நிர்வாகத்துக்கு முடியாத காரியம் அல்ல. முதியோர் ஓய்வூதியத்தை நடத்தும் அதே ஊரக வளர்ச்சி அமைச்சகம், நூறு நாள் வேலைத் திட்டத்தின் கூலியை 2011இலேயே விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டோடு பிணைத்தது. 2018இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் சம்பளத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்தச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் வெளியான அறிவிப்பின்படி முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியமும் 25,000 ரூபாயிலிருந்து 31,000 ரூபாயாக உயர்ந்தது. வருமானம் பார்க்காமல் வயதை மட்டும் அளவுகோலாக வைப்பதும் புதிதல்ல. 2024 அக்டோபர் 29 முதல் 70 வயது நிறைந்த எல்லாருக்கும், ஏழை பணக்காரர் வேறுபாடின்றி, ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு தரப்படுகிறது. தில்லி 2025 ஏப்ரலில் அதில் சேர்ந்தது. மருத்துவமனைப் படுக்கைக்குப் பொருந்தும் விதி, அரிசிக்கும் பருப்புக்கும் மாத்திரைக்கும் செலவாகும் மாதத் தொகைக்குப் பொருந்தாது என்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

இடையில் முதியோர் இழந்தவையும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தப்பட்ட ரயில் கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடும் குறைத்துத் தந்தது. தொற்று தணிந்து ரயில்கள் வழக்கம்போல ஓடத் தொடங்கியபின்னும் அது திரும்பவில்லை. அதே ஆண்டில் சமூக உதவித் திட்டப் பயனாளிகளுக்கு இரண்டு தவணையாக 1,000 ரூபாய் சிறப்பு உதவி கிடைத்தது. அது ஒருமுறையோடு சரி.

மாநிலங்கள் தம் சொந்தப் பணத்தில் சேர்ப்பதால்தான் இன்று இந்தத் திட்டம் உயிரோடிருக்கிறது. தமிழ்நாடு 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாய் கொடுக்கிறது. ஆந்திரம் 2024இலிருந்து 4,000 கொடுக்கிறது. வசதி குறைந்த மாநிலத்தில் பிறந்த முதியவருக்கு மத்திய அரசின் தொகையோடு சில நூறு ரூபாய் மட்டுமே வருகிறது. தேசிய சமூக உதவித் திட்டம் முழுமைக்கும் மத்திய பட்ஜெட்டில் சில ஆண்டுகளாகவே ஒதுக்கப்பட்டு வந்தது ஏறத்தாழ 9,650 கோடி ரூபாய். 2025-26லும் அதே தொகைதான். முதியோர் ஓய்வூதியத்தின் பயனாளி வரம்பு ஏறத்தாழ 2.2 கோடி. அந்த வரம்பு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் 2004-05 வறுமை விகிதத்தையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. 2011இலேயே நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடிக்கு மேல். ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆண்டுக்கு ஆண்டு தன் அறிக்கையில் தொகையை உயர்த்தச் சொல்லிவருகிறது. புதிய சட்டம் இதற்குத் தேவையில்லை. 200ஐ 500 ஆக்க இன்றைய பயனாளிகளின் கணக்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வேண்டும். கூடவே, அந்த 500ஐ ஏதாவதொரு விலைக் குறியீட்டோடு பிணைக்கும் ஒரு வரியும், பழைய கணக்கெடுப்பின் வரம்பை நீக்கும் இன்னொரு வரியும் வேண்டும்.